செவன் சாமுராய் 4கே: டிஸ்க்கில் குறையில்லை, டிவியில்தான்

ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் ‘செவன் சாமுராய்’ (1954) 207 நிமிடம் ஓடும். பழைய படங்களை டிஸ்க்காக வெளியிடும் அமெரிக்க நிறுவனமான கிரைட்டீரியனின் 2006 டிவிடி பெட்டியில் படம் இரண்டு டிஸ்க்காகப் பிரிந்திருந்தது; இடைவேளையில் எழுந்து மாற்ற வேண்டும். 2010 புளூரேயில் அந்த வேலை ஒழிந்தது. 2024இல் வந்த 4கே பெட்டியில் ஒரு 4கே டிஸ்க்கும் இரண்டு புளூரேக்களும் உண்டு.

வாங்குமுன் மண்டலத்தைப் பாருங்கள்: ஒரு மண்டலத்துக்கெனப் பூட்டிய டிஸ்க் வேறு மண்டல பிளேயரில் ஓடாது. 4கே டிஸ்க்குக்கு மண்டலப் பூட்டு கிடையாது. கூட வரும் புளூரேக்களோ ஏ மண்டலம். இந்தியா, இலங்கை பிளேயர்கள் சி. ஆக, படம் ஓடும். ஆனால் இயக்குநர் நாகிசா ஓஷிமா 1993இல் குரோசாவாவோடு நடத்திய இரண்டு மணி நேர உரையாடல் புளூரேயில் இருப்பதால் ஓடாது. பெட்டியின் பாதி மதிப்பே அதில்தான். சிங்கப்பூர், மலேசியா ஏ மண்டலம் என்பதால் அங்கே இந்தத் தலைவலி இல்லை.

மூல நெகட்டிவ் இன்று கிடையாது. அடுத்த தலைமுறைப் பிரதியிலிருந்துதான் மீட்டெடுத்திருக்கிறார்கள். அதனால் 4கே என்றதும் கண்ணைப் பறிக்கும் கூர்மையை எதிர்பார்க்காதீர்கள். ஆதாயம் ஃபிலிம் துகளில், அதாவது ஃபிலிமுக்கே உரிய பொடிப்பொடியான புள்ளிகளில் தெரிகிறது. கடைசிச் சண்டையில் மழை, சேறு, குதிரை எல்லாம் ஒன்றாகக் கலக்கும் இடத்தில் ஒவ்வொரு தாரையும் தனித்து நிற்கிறது. டிவி அளவில் சிறியது என்றால் 2010 புளூரேயே போதும்.

படத்தைக் கெடுப்பது பெரும்பாலும் டிவிதான். முதலில் அசைவை வழவழப்பாக்கும் மோஷன் ஸ்மூத்திங்கை அணையுங்கள். சாமுராய்களின் தலைவர் காம்பே துறவி வேடத்தில் குடிசைக்குள் நுழைந்த பின், திருடன் வெளியே வந்து சரியும் காட்சி ஸ்லோமோஷன். சுற்றி நிற்கும் கூட்டம் இயல்பு வேகம். டிவி இடையில் போலி ஃபிரேம்களைச் செருகினால் இந்த வேறுபாடே மங்கிவிடும். புள்ளிகளை அழிக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷனும் வேண்டாம், மழையைத் துகள் என்று நினைத்து வழித்துவிடும். கலர் டெம்பரேச்சர் ‘வார்ம்’. ‘கூல்’ வைத்தால் கறுப்பு வெள்ளைப் படம் நீலம் பூக்கும். இரவுக் காட்சிகளில் முகங்கள் இருட்டில் புதைந்தால் டிஸ்க்கைத் திட்டாதீர்கள்: பிளேயரின் எச்டிஎம்ஐ ரேஞ்ச் (கறுப்பு முதல் வெள்ளை வரையிலான சிக்னல் அளவு) ‘ஃபுல்’, டிவி ‘லிமிடெட்’ என்று முரண்பட்டிருக்கும். இரண்டையும் ‘லிமிடெட்’ ஆக்கினால் சரி. இருபுறமும் கறுப்புப் பட்டை வரத்தான் செய்யும், படத்தின் அகல உயர விகிதம் 1.37:1. ‘ஜூம்’ போட்டால் தலையும் சப்டைட்டிலும் வெட்டுப்படும்.

ஒலிக்கு மோனோ டிராக்கே போதும். சவுண்ட்பாரின் சரவுண்ட் மோடு வசனத்தைக் குகைக்குள் தள்ளிவிடும்.

நடுவில் உறைந்து நின்றால் மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாக அல்ல. பிறகும் அதே இடத்தில் நின்றால் பிளேயருக்குள் இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பித்துப் பார்த்துவிட்டு டிஸ்க்கைத் திருப்பிக் கொடுக்கலாம்.