தறிச் சத்தத்துக்கு நடுவே ‘மார்ட்டின் ஈடன்’

செல்லூரில் தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவன் நான். பத்தாவது முடித்ததும் அப்பாவோடு தறியில் நின்றேன். ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து புத்தகத்தைத் திறந்தால், முதல் பக்கம் தாண்டுவதற்குள் கண் சொக்கிவிடும். அதனால்தான் அமெரிக்க எழுத்தாளர் ஜாக் லண்டனின் ‘மார்ட்டின் ஈடன்’ (1909) நாவலில் சலவைக்கூடப் பகுதியை மட்டும் நான்கு தடவை படித்தேன்.

மார்ட்டின் கப்பல் தொழிலாளி. வசதியான வீட்டுப் பெண்ணை விரும்பி, நூலகத்தில் தானாகவே படித்து, எழுத்தாளனாகத் துடிக்கிறான். காசு தீர்ந்ததும் ஓட்டல் சலவைக்கூடத்தில் ஜோ என்பவனோடு வேலைக்குச் சேர்கிறான். கூடவே புத்தகங்களும் போகின்றன. சட்டை, காலர் எல்லாம் கஞ்சி போட்டுத் தேய்த்து முடித்த பிறகு எங்கே படிக்க? புத்தகத்தின் மேலேயே தூங்கிப்போகிறான். கொஞ்ச நாளில் யோசிப்பதே நின்றுவிடுகிறது, குடிக்கப் போகிறான். அந்தக் களைப்பு எனக்குத் தெரியும். லண்டனுக்கும் தெரிந்திருக்கிறது, அவரும் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவர்தான்.

கடைசிப் பகுதி கொஞ்சம் இழுவை. பசித்தபோது கூப்பிடாதவர்கள் பேர் வந்ததும் விருந்துக்குக் கூப்பிடுகிறார்கள் என்பதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். சரி, அதைத் தாண்டிவிடலாம். வாடகைக்கு அறை விட்ட மரியாவுக்கு, அவள் ஆசைப்பட்ட பால் பண்ணையை மார்ட்டின் வாங்கிக் கொடுக்கும் இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. முடிவை நான் சொல்லமாட்டேன்.

அடுத்து இது பட்டறையில் இருக்கும் என் தம்பிக்கு. ராத்திரி எடுக்காதே, ஞாயிற்றுக்கிழமை பகலில் படி என்று சொல்லித்தான் கொடுப்பேன்.