மேலே, கீழே: காலண்டர் தாளில் வந்து நின்ற என் வேலைப் பட்டியல்

சேலத்தில் வீடு, ஏற்காட்டில் ஆறு ஏக்கர் காபித் தோட்டம். கேட்கிறவர்களுக்கு ஆகா என்றிருக்கும். வாரத்தில் மூன்று நாள் அஸ்தம்பட்டியில் கிளம்பி, கோரிமேடு தாண்டி, அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, சாயங்காலம் அதே 20-ஐயும் இறங்குகிறவளைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லுவாள். 2017-ல் அப்பாவுக்கு முட்டி வலி வந்து மலைக்குப் போவது நின்றபோது, சாவிக்கொத்தோடு சேர்ந்து அவருடைய வேலைகளும் என் கைக்கு வந்தன. அப்பா எதையும் எழுதி வைத்தவர் இல்லை. எல்லாம் தலைக்குள்ளேயே. "எழுதி வெச்சா மறந்துரும் கண்ணு" என்பார். எனக்கோ எழுதாமலே மறந்தது.

அதனால் எழுத ஆரம்பித்தேன். டைரி, ஆப், வாட்ஸ்அப், மகளுடைய புல்லட் ஜர்னல் என்று சுற்றிவிட்டு, 2022 ஜனவரியிலிருந்து தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நிற்கிறேன். ஒரு முறையை ஒரு மாதம் பயன்படுத்திவிட்டு அருமை என்று சொல்லிவிடலாம். பழம் எடுப்பு, கோடை, மழை என்று முழுப் பருவங்கள் தாண்டினால்தான் அதன் குணம் தெரியும்.

டைரியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. உரக்கடையில் புது வருஷத்துக்குக் கொடுத்தது. தேதி அச்சடித்த டைரியில் ஒரு சிக்கல்: முடியாத வேலை அந்தத் தேதியிலேயே தங்கிவிடும். செவ்வாய்க்கிழமை எழுதிய 'ஸ்பிரேயர் வாஷர்', புதன்கிழமைப் பக்கம் புரட்டியதும் கண்ணை விட்டுப் போயிற்று. மார்ச் வரை எழுதினேன். அதற்குப் பிறகு அந்த டைரியில் பால் கணக்கு ஏறியது.

2018-ல் வுண்டர்லிஸ்ட் என்ற வேலைப் பட்டியல் ஆப். தம்பி பெங்களூரில் இருக்கிறான். நானும் அவனும் ஒரே பட்டியலைப் பார்க்கலாம், அவன் டிக் அடித்தால் எனக்குத் தெரியும். உண்மையிலேயே பிடித்திருந்தது. அந்த ஆப்பை மைக்ரோசாஃப்ட் 2015-லேயே வாங்கிவிட்டது; 2020 மே 6-ம் தேதியோடு அது மூடப்பட்டது. ஊரடங்கில் வீட்டில் உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் மைக்ரோசாஃப்ட் டு டூவுக்கு மாற்றினேன். ஒரு வரிகூடத் தொலையாமல் வந்து சேர்ந்தது. கொஞ்சம் தொலைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இரண்டு வருஷத்துக்கு முன் எழுதிய 'கிணத்து மோட்டார் பாக்கணும்' எல்லாம் பத்திரமாக வந்து உட்கார்ந்திருந்தது. அந்த மோட்டாரை மாற்றியே ஒரு வருஷம் ஆகியிருந்தது.

நடுவில் வாட்ஸ்அப்பில் நான் ஒருத்தி மட்டும் இருக்கிற குரூப் ஒன்று வைத்திருந்தேன். இப்போது தனக்கே செய்தி அனுப்பும் வசதி இருக்கிறது. 2022 நவம்பரில் வந்தது. அதற்கு முன்பெல்லாம் யாரையாவது சேர்த்துக் குரூப் ஆரம்பித்து உடனே அவரை நீக்க வேண்டியிருந்தது. நான் சேர்த்து நீக்கியது என் வீட்டுக்காரரை. அவர் இன்னும் சொல்லிக் காட்டுவார். போகிற போக்கில் குறித்துப் போடுவதற்கு அதைவிட வேகமான வழி கிடையாது. ஆனால் போட்டதைத் திரும்பிப் பார்க்கிற பழக்கம் எனக்கு வரவில்லை. அது குறிப்பேடாக இல்லாமல் குப்பைக் கூடையாகத்தான் இருந்தது.

கதை திரும்பியது 2021 டிசம்பரில். பழம் எடுப்பு மும்முரம். பறித்த பழத்தை அன்றைக்கே பல்பரில் போட்டுத் தோல் நீக்கிவிட வேண்டும். குவியலாகக் கிடந்தால் சூடேறிப் புளித்துக் கொட்டையின் வாசமே கெட்டுவிடும். பல்பரின் பெல்ட் இரண்டு நாளாகவே ஓரத்தில் பிசிறு விட்டுக்கொண்டிருந்தது. மேஸ்திரி அண்ணன் கையால் தடவிக் காட்டி, "அம்மா, பி-48 ஒண்ணு வாங்கியாந்துருங்க. இது இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்குது" என்றார். அந்த இடத்திலேயே ஆப்பில் ஏற்றினேன். முக்கியம் என்று நட்சத்திரமும் போட்டேன்.

மறுநாள் முழுக்கச் சேலம் செவ்வாய்ப்பேட்டையில்தான் இருந்தேன். லீ பஜாரில் சாக்கு வாங்கினேன், மளிகை வாங்கினேன், வெயிலுக்கு ஒரு சர்பத் குடித்தேன். பெல்ட் கடை அங்கிருந்து நடக்கிற தூரம். போன் பைக்குள் இருந்தது. ஆப்பில் அன்றைக்கு 41 வரி. நட்சத்திரம் போட்டவையே ஒன்பது. ஒன்பது அவசரம் இருந்தால் ஒன்றுமே அவசரமில்லை என்றுதான் கண்ணுக்குப் படும்.

அதற்கடுத்த நாள் மத்தியானம் ஒரு மணிக்குப் பெல்ட் அறுந்தது. மேஸ்திரி அண்ணன் என்னைப் பார்த்தார். நான் போனைப் பார்த்தேன். அதில் 'பெல்ட் வாங்கணும்' என்று நட்சத்திரத்தோடு இருந்தது. இறங்கி, வாங்கி, ஏறி, 40 வளைவு முடித்து வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. பல்பர் ராத்திரி பதினொன்று வரை ஓடியது. எங்களுக்காக இருந்த சின்னம்மா ஒருத்தர் கழுவுகிற தொட்டியில் கை விட்டபடியே கேட்டார்: "எழுதி வெக்கலியா கண்ணு?"

"எழுதித்தான் வெச்சிருந்தேன் சின்னம்மா."

அன்றைக்கு இறங்கும்போதுதான் உறைத்தது. எது முக்கியம், எது அவசரம் என்று தரம் பிரிக்கச் சொல்லித்தான் எல்லா முறைகளும் கற்றுக்கொடுத்தன. என் பிழைப்புக்கு வேண்டிய கேள்வி அது இல்லை. நான் இப்போது மலைக்கு மேலே இருக்கிறேனா, கீழே இருக்கிறேனா என்பதுதான். செவ்வாய்ப்பேட்டையில் நிற்கிறவளுக்கு மிளகுக் கொடி கட்டுகிற வேலை எவ்வளவு முக்கியமாக இருந்தும் பிரயோஜனம் இல்லை. தோட்டத்தில் நிற்கிறவளுக்குப் பெல்ட்டும் அப்படியே.

இதை ஆப்பிலேயே செய்யலாமே என்று மகள் கேட்டாள். செய்யலாம். இரண்டு பட்டியல் போட்டுக்கொள்ளும் வசதி எல்லா ஆப்பிலும் உண்டு. நானும் இரண்டு வாரம் செய்து பார்த்தேன். பட்டியல் நீண்டுகொண்டே போனது, ஏனென்றால் ஆப்பில் இடம் தீருவதில்லை. எனக்கு இடம் தீருகிற ஒன்று தேவைப்பட்டது.

சமையலறைச் சுவரில் தினசரி காலண்டர் தொங்குகிறது. காலையில் கிழிக்கிற நேற்றைய தாளின் பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அதைக் குறுக்கே இரண்டாக மடிக்கிறேன். மேல் பாதியில் தோட்டத்து வேலை, கீழ்ப் பாதியில் சேலத்து வேலை. பாதிக்கு ஏழு வரிதான் பிடிக்கும். எங்கிருந்தும் செய்யக்கூடிய போன் வேலைகள் ஓரத்தில் நெடுக்காக. முதலில் அன்றைய தாளையே ராத்திரியில் கிழிக்கப் பார்த்தேன். அத்தை விடவில்லை. "நாளு முடியறதுக்குள்ள ஏன் கிழிக்கற?" சரியென்று நேற்றைய தாளுக்கு மாறினேன்.

எழுதிய தாள் போனின் பின்புறக் கவருக்குள் போய்விடும். கண்ணாடி மாதிரி இருக்கும் 100 ரூபாய் கவர். போனை எடுக்கும்போதெல்லாம் பட்டியல் கண்ணில் படுகிறது. ஸ்கிரீனைத் திறந்தால் வாட்ஸ்அப் இழுக்கும். பின்புறத்தில் இழுக்க எதுவும் இல்லை.

ஆனால் கண்ணில் பட்டால் போதாது, படிக்க வேண்டும். அதற்கு இரண்டு இடம் வைத்திருக்கிறேன். ஏறும்போது கோரிமேட்டில் ஒரு டீக்கடை. டீ வரும்வரை கீழ்ப் பாதியை வரி வரியாகப் படிப்பேன். அங்கிருந்து ஊருக்குள் திரும்பினால் கால் மணி நேரம்தான் செலவு. அடிவாரம் தாண்டிவிட்டால் அந்த நாள் போயிற்று. இறங்கும்போது தோட்டத்துக் கேட்டைப் பூட்டுவதற்கு முன் மேல் பாதி. இந்த இரண்டு நிறுத்தம்தான் முறையில் முக்கால்வாசி. தாள் மீதிக் கால்வாசி.

புல்லட் ஜர்னல் என்ற நோட்டு முறையிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டேன். நியூயார்க்கைச் சேர்ந்த ரைடர் கேரல் என்ற வடிவமைப்பாளர் உருவாக்கிய முறை அது. வேலைக்கு ஒரு புள்ளி, முடிந்தால் அதன்மேல் பெருக்கல் குறி, தள்ளிப்போட்டால் அம்புக்குறி. ஊரடங்கில் மகள் இதைக் கலர் பேனாவும் ஸ்டிக்கருமாக ஒரு கல்யாண ஆல்பம் போலச் செய்துகொண்டிருந்தாள். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. ஆனால் அந்த அம்புக்குறி நல்ல சாமான். முடியாததை மறுநாள் தாளில் கையால் திரும்ப எழுத வேண்டும். ஆப்பில் பழைய வேலை தானாகவே பட்டியலில் தங்கிவிடும், நமக்கு வலிக்காது. கை வலித்தால்தான் இது வேண்டுமா என்று யோசிக்கிறோம். மூன்றாவது அம்பு விழுந்தால் அந்த வரியை அடித்துவிடுவேன், இல்லையென்றால் உடைப்பேன்.

உடைப்பது என்றால் இப்படி. 'மோட்டார்' என்று ஒரு வரி நாலு நாள் நகர்ந்தது. அதை 'மோட்டார்க்காரருக்கு போன்: கெபாசிட்டர் இருக்கா?' என்று எழுதினேன். அரை மணியில் முடிந்தது. 'மோட்டார்' என்பது வேலையே இல்லை, அது ஒரு கவலை.

தூக்கமும் இதில் சேர்ந்திருக்கிறது. அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 57 இளம் வயதினரை வைத்து ஓர் ஆய்வு செய்து 2018-ல் வெளியிட்டார்கள். படுக்கும் முன் ஐந்து நிமிடம் வரப்போகிற வேலைகளை எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சராசரியாக 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். எவ்வளவு விவரமாக எழுதினார்களோ அவ்வளவு சீக்கிரம் தூக்கம் வந்ததாம். 9 நிமிடம் பெரிதா என்று கேட்கலாம். ஐந்து மணிக்கு எழுகிறவளைக் கேளுங்கள்.

இனி குறைகள். மழைக்காலத்தில் தாள் நமுத்துவிடும்; ஈரத் தாளில் பால்பாயின்ட் ஓடாது. 2022 ஆடியிலிருந்து பென்சில்தான். இரண்டு முறை தாள் தொலைந்தது. ஒரு தடவை மூக்குப்பொடி மடிக்க யாரோ எடுத்துவிட்டார்கள் என்பது என் சந்தேகம்.

அதைவிடப் பெரிய குறை, தாளுக்குத் தேதி தெரியாது. மாநகராட்சி சொத்து வரியை ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 31-க்குள்ளும் கட்டினால் 5 சதவீதம் குறையும். கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. ஜீப் இன்சூரன்ஸ் வருஷத்துக்கு ஒருமுறை. தோட்டத்திலும் தேதி பார்க்கிற வேலைகள் உண்டு. அரபிகா வகைக் காபிச் செடியைத் தின்கிற வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்ற பூச்சி ஏப்ரல், மே மாதங்களிலும், மறுபடி அக்டோபரிலிருந்து டிசம்பர் வரையும் வண்டாகப் பறந்து முட்டையிடும். அதற்கு முன், மார்ச்சிலும் செப்டம்பரிலும் செடி செடியாகத் தேடி, துளை விழுந்ததைப் பிடுங்கி எரிக்க வேண்டும். மழைக்கு முன், பூஞ்சை நோய் வராமலிருக்கப் போர்டோ கலவை அடிக்க வேண்டும்: 200 லிட்டருக்கு ஒரு கிலோ மயில்துத்தம், கூடவே சுண்ணாம்பு, கலக்கிய அன்றைக்கே அடித்துத் தீர்க்க வேண்டும். இவை எல்லாம் போன் காலண்டரில் இருக்கின்றன. போன் அடித்தால் அன்று ராத்திரி தாளில் ஒரு வரி ஆகும். அவ்வளவுதான் போனுக்கு வேலை.

அதிலும் ஒருமுறை ஏமாந்தேன். பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று போன் நினைவூட்டலையே தூங்க வைத்துவிட்டது; ஜீப் இன்சூரன்ஸ் இரண்டு நாள் காலாவதியாகி, அது தெரியாமலே மலையேறி இறங்கியிருக்கிறேன். செட்டிங்ஸில் பேட்டரி பகுதிக்குப் போய், காலண்டர் ஆப்புக்கு மட்டும் கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள். புதுப் போன் வாங்கினால் நான் முதலில் செய்வது இதுதான்.

தம்பியோடு பகிர முடியாதே என்ற கவலைக்கு வழி எளிதாகவே கிடைத்தது. காலையில் தாளைப் படம் எடுத்து அனுப்புகிறேன். ஆன்லைனில் கட்டுகிற வேலைகளை அவன் எடுத்துக்கொண்டு 'சரிக்கா' என்று போடுவான்.

நான் எதிர்பார்க்காத ஒரு லாபம் உண்டு. முடிந்த தாளை எல்லாம் பழைய மருந்துக் கடைகளில் பில் குத்தி வைப்பார்களே, அந்த மாதிரிக் கம்பியில் குத்தி வைக்கிறேன். முன்பக்கம் தேதி, அமாவாசை, முகூர்த்தம். பின்பக்கம் அன்றைய வேலை. போன வருஷம் காபியைப் பூக்க வைக்கிற பூ மழை எப்போது விழுந்தது, அதற்குப் பிறகு எத்தனை நாளில் பூத்துத் தோட்டம் வெள்ளையாயிற்று என்று அப்பா கேட்டால் கம்பியை எடுத்துப் பார்த்துச் சொல்லிவிடலாம். பெரிய முகூர்த்த நாளில் எத்தனை பேர் வேலைக்கு வரவில்லை என்பதும் அதில் இருக்கிறது. இப்போதெல்லாம் அப்பாவே சில நாள் ஈசிசேரில் உட்கார்ந்து அந்தத் தாள்களைப் புரட்டுகிறார். எழுதி வைத்தால் மறந்துவிடும் என்ற பேச்சு மட்டும் மாறவில்லை.

எல்லோருக்கும் இது ஒத்து வராது. ஆபீசில் நாற்பது மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுகிறவர் காலண்டர் தாளை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? அவருக்கு ஆப்தான் சரி. இரண்டு ஊருக்கும் இரண்டு கடைக்கும் நடுவில் அலைகிறவர்கள், போய்ச் சேர்ந்த பிறகு சாமான் நினைவுக்கு வருகிறவர்கள் செய்து பாருங்கள். ஒரே ஒரு விஷயம்: காலண்டர் வாங்கும்போது தாளைத் திருப்பிப் பாருங்கள். இந்த வருஷம் எங்களுக்கு ஒரு கடையில் இலவசமாகக் கொடுத்ததில் பின்பக்கம் முழுக்கச் சமையல் குறிப்பு அச்சடித்திருக்கிறது. எழுத இடமில்லை. 80 ரூபாய் கொடுத்து வேறு வாங்கி, இப்போது சுவரில் இரண்டு காலண்டர் தொங்குகிறது. ஒன்றை அத்தை கிழிக்கிறார், ஒன்றை நான்.