பஞ்சுவுக்கு வாங்கிய திமோத்தி புல்

எங்கள் முயல் பஞ்சுவுக்கு ஐந்து வயது. காலையில் நான் காபி ஆற்றும்போது காலைச் சுற்றி வட்டமடிக்கும். கவனிக்காவிட்டால் நைட்டியைப் பல்லால் பிடித்து இழுக்கும். போன மாதம் ஒருநாள் வரவே இல்லை. கொத்தமல்லியைக்கூட முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. எனக்குக் கை கால் ஓடவில்லை. கடைவாய்ப் பல் கூராக வளர்ந்து கன்னத்தைக் குத்துகிறது என்று டாக்டர் ராவிவிட்டார். முயலுக்கு ஆயுசு முழுக்கப் பல் வளருமாம். அது தேயப் புல்லை மெல்ல வேண்டும். நானோ கேரட்டாகக் கொடுத்துச் செல்லம் கொஞ்சியிருக்கிறேன்!

அப்புறம்தான் ஆன்லைனில் திமோத்தி என்கிற இந்தக் காய்ந்த புல்லை ஒரு கிலோ பையாக வாங்கினேன். மேலே நீளநீளமாக, பச்சை மாறாத தண்டுகள். பஞ்சு ஒன்றின் நுனியைக் கவ்வி, பென்சில் சீவுகிற மாதிரி கரகரவென்று உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஆனால் அடியில் கால்வாசி வெறும் தூள். எனக்கும் தும்மல், அதற்கும் தும்மல். சல்லடையில் சலித்துத்தான் போடுகிறேன். “மாட்டுத் தீவனம்கூட இந்த விலை இல்லை” என்று வீட்டுக்காரர் முணுமுணுக்கிறார். சரி, இருக்கட்டும். தூளுக்காக ஒன்றைக் குறைத்து நாலு நட்சத்திரம்.

இன்று காலை நைட்டியில் புது ஓட்டை.