பிஸ்மத் செலினைடு படிகத்துக்கு வெள்ளிப் பசையா, இண்டியமா?

சுங்கை சிப்புட் வீட்டு மேசையிலேயே கம்பி ஒட்டி, படிகத்தை பஸ்ஸில் கோலாலம்பூர் ஆய்வகத்துக்குக் கொண்டுபோகும் மாணவருக்கு இந்தக் கேள்வி வரும். அங்கே கடுங்குளிரில் காந்தப்புலத்தைக் கூட்டிக்கொண்டே போய், படிகத்தின் மின்தடை அலைபோல ஏறி இறங்குவதை அளப்பார்.

நம் ஓட்டு வெள்ளிப் பசைக்கே. டேப்பால் மேலடுக்கை உரித்த கையோடு 25 மைக்ரான் தங்கக் கம்பியை ஒட்டுங்கள். மின்னோட்ட முனைகளைப் பக்கவாட்டு முகம் முழுக்கப் பூசுங்கள். மேலே மட்டும் பொட்டு வைத்தால் அடிப்படலங்களுக்கு மின்னோட்டம் சீராக இறங்காது. மழை ஈரத்தில் பசை அரைகுறையாகக் காய்ந்தால் கம்பியும் படிகமும் தொடும் இடத்தின் மின்தடை (தொடுமின்தடை) ஏறும். 20 ஓம் முனையில் 1 மில்லியாம்பியர் விட்டால் 20 மைக்ரோவாட் சூடு. வெப்பமானி 2 கெல்வின் காட்டும், படிகம் அதைவிடச் சூடாயிருக்கும். மின்தடை அலைவின் வீச்சு சுருங்கும், அதை வைத்துக் கணக்கிடும், படிகத்துக்குள் எலக்ட்ரான் காட்டும் நிறையும் பிசகும்.

இண்டியம் அழுத்தினாலே ஒட்டும், காயவைக்கும் தொல்லையில்லை. அழுத்தம் கூடினால் படலம் பெயரும். 3.4 கெல்வினுக்குக் கீழே இண்டியம் மின்தடையே இல்லாத மீக்கடத்தி. காந்தப்புலம் சுழியாகும் இடத்தருகே மின்தடையில் தெரியும் சின்னப் பள்ளத்தைப் புதிய கண்டுபிடிப்பென்று நம்பிவிடாதீர்கள். பல டெஸ்லாவில் அந்தத் தொந்தரவு இராது.

எதை ஒட்டினாலும் மின்னழுத்த முனைகள் சற்றே கோணினால் ஹால் மின்னழுத்தம் (காந்தப்புலத்தால் மின்னோட்டத்துக்குக் குறுக்கே எழுவது) கலக்கும். புலத்தைத் திருப்பியும் அளந்து, சராசரி எடுத்த பிறகே புலத்தின் தலைகீழுக்கு (1/புலம்) எதிரே வரையுங்கள்.