மிச்சம் மீதியில் கேக்: பிஸ்கட் தூளா, கறுத்த வாழைப்பழமா, காய்ந்த பிரெட்டா?

மாதக் கடைசியில் எங்கள் அடுக்களையில் இந்த மூன்றும் இல்லாமல் இருக்காது: டப்பா அடியில் நமுத்த பிஸ்கட், தோல் கறுத்த வாழைப்பழம், பிள்ளைகள் ஒதுக்கிய பிரெட் ஓரங்கள். ஓவன் கிடையாது, குக்கரும் இட்லிப் பானையும்தான்.

எல்லோரும் முதலில் கைவைப்பது பிஸ்கட் கேக்கில். பொடித்து, பால் விட்டுக் கரைத்து, கடைசியில் ஈனோ. மாவு, சர்க்கரை, கொழுப்பு மூன்றும் பிஸ்கட்டிலேயே இருப்பதால் வேலை சுலபம். ஆனால் ஒரு கேக்குக்கு 200 கிராமாவது வேண்டும். மிஞ்சியதோ ஒரு கைப்பிடி. மீதிக்குப் புதுப் பாக்கெட் பிரித்தால் அதில் சிக்கனம் எங்கே? ஆறியதும் இறுகியும் போகிறது.

என் ஓட்டு வாழைப்பழத்துக்கு. பழுக்கப் பழுக்க மாவுச்சத்து சர்க்கரையாக மாறுவதால், கறுத்த பழத்துக்கு வெல்லம் கொஞ்சம் போதும். பழம் 2, கோதுமை மாவு 1 கப், புளித்த தயிர் அரை கப், எண்ணெய் கால் கப், பொடித்த வெல்லம் கால் கப், ஆப்ப சோடா அரை டீஸ்பூன். தயிரில் சோடா விழுந்ததும் புஸ்ஸென்று நுரைத்துப் பொங்கும். அந்த நுரைதான் கேக்கை உப்பவைக்கிறது, முட்டையே வேண்டாம். நுரை அடங்குவதற்குள் குக்கருக்குள் போய்விட வேண்டும். மாவு சேர்த்தபின் அடித்துக் கலக்கினால் ரப்பர் மாதிரி ஆகிவிடும். கரண்டியால் பத்துச் சுற்று போதும். கேஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, அடியில் உப்பு பரப்பி, 10 நிமிடம் சூடேற்றி, சிறு தீயில் 40 முதல் 45 நிமிடம். அந்த உப்பை ஆறவைத்து எடுத்துவைத்தால் அடுத்த கேக்குக்கும் ஆகும். மிஞ்சிய பிஸ்கட் தூளை மேலே தூவிவிடுங்கள், மொறுமொறுவென்று நன்றாக இருக்கும்.

கேஸ் செலவைப் பார்த்தால் பிரெட் புட்டிங்தான் முந்துகிறது. 4 துண்டு பிரெட், ஒன்றரை கப் பால், 2 முட்டை, 4 ஸ்பூன் சர்க்கரை. இட்லிப் பானையில் 30 நிமிடத்தில் வெந்துவிடும். காய்ந்த பிரெட் பாலை நன்றாக உறிஞ்சும், புது பிரெட் குழைந்துவிடும். ஆனால் பாலும் முட்டையும் மிச்சப் பொருள் இல்லையே, அதில்தான் இது பின்தங்குகிறது. ஓரங்களை ஃப்ரிட்ஜில் வைத்தால் சீக்கிரம் விறைத்துப்போகும்; ஃப்ரீசரில் சேர்த்துவையுங்கள். ஒரு துண்டில் பூசணம் கண்டாலும் அந்தப் பகுதியை மட்டும் கிள்ளிப் போட்டுவிட்டு மீதியைப் பயன்படுத்தாதீர்கள். கண்ணுக்குத் தெரியாமல் அது உள்ளே இறங்கியிருக்கும். மனசு கேட்காதுதான், ஆனாலும் முழுப் பாக்கெட்டும் குப்பைக்குத்தான்.