ஜெனரேட்டர் என்று சொல்லி மோட்டரை விற்கிறார்கள்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் தூள் அரைக்கும் சின்ன மில் வைத்திருக்கிறேன். நான் ஏமாந்த அதே ஆளிடம் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் முற்பணம் கொடுக்கப் போகிறாராம். நேற்றுக் கேள்விப்பட்டதிலிருந்து மனம் கேட்கவில்லை.

2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததே, அப்போது வாங்கினேன். பழைய டீசல் எஞ்சினில் பூட்டிய 10 கேவிஏ ஜெனரேட்டர், மூன்றரை லட்சம். விற்றவர் எட்டு குண்டு பல்பு போட்டுக் காட்டினார். பளிச்சென்று எரிந்தன.

மில்லுக்குக் கொண்டுவந்து 2 எச்பி மோட்டரின் சுவிட்சைப் போட்டேன். ஒரு உறுமல், அவ்வளவுதான். வோல்ட் மீட்டர் முள் பூச்சியத்துக்கு விழுந்தது. எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. போன் எடுத்தால், "உங்கட மோட்டர்லதான் பழுது" என்றார். நம்பி, நல்ல மோட்டரைக் கழற்றித் திரும்ப வைண்டிங் செய்ய வைத்தேன். அந்தக் காசும் போனது.

கடைசியில் வைண்டிங் செய்த பாஸ்தான் வந்து ஜெனரேட்டரின் மூடியைக் கழற்றினார். "தம்பி, இது அல்டர்நேட்டரே இல்லை, தூண்டல் மோட்டர், மில்லில ஓடுறது போல. கப்பாசிட்டர் போட்டு ஏமாத்தியிருக்கினம்."

அவர் சொன்னது இதுதான். உண்மையான ஜெனரேட்டரில், அதாவது அல்டர்நேட்டரில், சுழலும் பாகமான ரோட்டரில் கம்பிச் சுற்று இருக்கும். அதற்கு டிசி கொடுத்துத் தன் காந்தத்தைத் தானே உண்டாக்கும். பாரம் ஏறினால், வோல்டேஜைச் சீராக வைக்கும் ஏவிஆர் அந்த டிசியைக் கூட்டிக் கொடுக்கும். தூண்டல் மோட்டருக்கு அந்த வசதி இல்லை, காந்தத்துக்கான கரண்டை வெளியே இருந்துதான் வாங்க வேண்டும். மின்சார சபை லைனில் இருக்கும்போது மின்நிலையங்களின் பெரிய ஜெனரேட்டர்கள் அதைக் கொடுக்கின்றன. லைன் இல்லாத நேரத்தில் கப்பாசிட்டர் மட்டும்தான் கதி. பல்புக்கு அது போதும். மில் மோட்டரும் தூண்டல் மோட்டர்தானே, கிளம்பும்போது ஆறு மடங்கு கரண்ட் இழுக்கும். இரண்டு மோட்டரும் கை நீட்டினால் கொடுப்பதற்கு யார்? காந்தம் செத்துவிடுகிறது. அப்புறம் பல்பும் எரியவில்லை. 12 வோல்ட் பற்றரியைத் தொட்டு உசுப்பித்தான் மறுபடி எரிந்தது.

வாங்கப் போகிறவர்கள் பெயர்த்தகட்டைப் பாருங்கள். நாலு துருவ அல்டர்நேட்டரில் 50 ஹெர்ட்ஸுக்கு வேகம் நிமிடத்துக்குச் சரியாக 1500 சுற்று என்றிருக்கும். 1440 போல ஏதாவது இருந்தால் அது மோட்டர். என்னுடையதில் தகட்டின் மேல் பெயின்ட் அடித்திருந்தது, சுரண்டிய பிறகுதான் 1440 தெரிந்தது. பல்பை நம்பாதீர்கள், உங்கள் மோட்டரையே கொண்டுபோய் ஓட்டிப் பாருங்கள்.

காசு திரும்பக் கேட்டேன். "டெஸ்ட் பண்ணித்தானே எடுத்தீங்கள்" என்று போனை வைத்துவிட்டார். அது இன்னும் மில்லின் பின்பக்கம் கிடக்கிறது. யாருக்காவது சந்தேகம் இருந்தால் வாருங்கள், மூடியைக் கழற்றிக் காட்டுகிறேன்.