அறுவைக்குப் பிந்தைய மாதங்கள்: ஆழ்மூளைத் தூண்டல் சிகிச்சை பற்றி

11 ஆண்டுகளாகப் பார்க்கின்சன் நோயுடன் வாழும் என் தந்தையாருக்குக் கோலாலம்பூரில் உள்ள தனியார் மருத்துவமனை ஒன்றில் ஆழ்மூளைத் தூண்டல் சிகிச்சை, அதாவது மூளைக்குள் மின்முனை பதித்து, உடலில் வைக்கும் கருவி மூலம் மெல்லிய மின்னோட்டம் செலுத்தும் சிகிச்சை, செய்யப்பட்டது. லெவோடோபா மாத்திரை வேலை செய்யும்போது உடல் முறுக்கி ஆடுவதும், அதன் வீரியம் தீர்ந்ததும் செந்தூல் வீட்டுச் சமையலறை வாசலில் கால் தரையோடு ஒட்டியதுபோல் நின்றுவிடுவதுமாக அவர் பொழுது கழிந்துகொண்டிருந்தது. இது சோதனை முயற்சியோ என்று உறவினர்கள் அஞ்சினார்கள். முற்றிய பார்க்கின்சனுக்கு அமெரிக்கா 2002இலேயே அனுமதித்த முறை இது.

அறுவையைக் குறை சொல்ல மாட்டேன். முதல் நாள் இரவே மாத்திரையை நிறுத்தி, காலையில் மாத்திரைக்கு முன்னும் பின்னும் நடக்கவைத்துப் பார்த்தார்கள். நடுக்கம் நீங்கலாக, மாத்திரைக்குக் கட்டுப்படும் குறைகளே இதற்கும் கட்டுப்படும் என்பதால், அந்தச் சோதனையைத் தவிர்க்கும் இடத்தை நான் நம்பமாட்டேன். தலையில் சட்டகம் பூட்டி, அவர் விழித்திருக்கையிலேயே மின்முனையை இறக்கினார்கள். "ஐயா, விரலை மடக்கி விரியுங்கள்" என்று தமிழ்த் தாதி ஒருவர் அருகிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்ததாகத் தந்தையார் பின்னர் சொன்னார்.

குறையெல்லாம் அதற்குப் பிறகுதான். காறை எலும்புக்குக் கீழே பதித்த கருவியின் மின்னோட்டத்தைச் சிறுகச் சிறுகக் கூட்டிச் சரியான அளவைக் கண்டறியப் பல மாதங்கள் ஆகும். முதல் அமர்வில் கை நடுக்கம் அடங்கியது, ஆனால் நாக்கு குழறியது. மின்னோட்டம் பக்கத்து நரம்பிழைகளுக்கும் பரவினால் அப்படி நேரும் என்றும், சற்றுக் குறைத்தால் தெளியும் என்றும் அன்றுதான் அறிந்தோம். சிகிச்சைக்கு முன்பே சொல்லவேண்டிய செய்தி அது. அடுத்த அமர்வுக்கு மூன்று வாரம் காத்திருந்தோம்; அமர்வுக் கட்டணம் முதலில் சொன்ன தொகையில் சேராது என்பதும் ரசீதைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கையெழுத்திடுவதற்கு முன், அறுவை மருத்துவரை மட்டுமன்றி, கருவியின் அளவைச் சரிசெய்யப்போகிறவரையும் சந்தித்துப் பேசுங்கள்.

இப்போது மாத்திரை ஏறக்குறைய பாதியாகக் குறைந்துள்ளது. காப்பிக் குவளையை ஒரு கையால் பிடிக்கிறார். திரும்பும்போது தள்ளாடுவது மட்டும் மாறவில்லை. குரலும் தணிந்தேதான் இருக்கிறது. ஈப்போவிலிருந்து தங்கை அழைத்தால், "கொஞ்சம் சத்தமாப் பேசுங்கப்பா" என்று இன்றும் இரண்டு முறையாவது கேட்கிறாள்.